கணினியில் ஒலி நின்றுபோனால்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் கணினியில் ஒலி வரவில்லை என்று என்னை வீட்டுக்கு அழைத்தார். நான் போவதற்கு முன்பே அவர் இணையத்தில் தேடி, முதலில் தென்பட்ட விளம்பரத்தைத் தொட்டு, டிரைவர்களை (கணினியின் கருவிகளை விண்டோஸோடு சேர்த்து இயக்கும் நிரல்களை)ப் பழுது நீக்குவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றை இறக்கி, அது சிவப்பு எழுத்தில் அடுக்கிக் காட்டிய பிழைகளை நீக்குவதற்குப் பணமும் செலுத்தியிருந்தார். அதன் பிறகும் ஒலி வரவில்லை. மடிக்கணினியோடு அவர் புதிதாக இணைத்திருந்த திரையில் ஹெட்போன் துளை மட்டுமே உண்டு, ஸ்பீக்கர் கிடையாது. ஒலி முழுவதும் எச்டிஎம்ஐ வடத்தின் வழியே அந்தத் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு க்ளிக்கில் சரியாகிவிட்ட இந்தக் கோளாற்றுக்கு அவர் ஓய்வூதியத்திலிருந்து பணம் கொடுத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இதே போன்ற கணினிகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்திலிருந்து, விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும் வகையில் இதை எழுதுகிறேன். உங்கள் கணினி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் முதலில் செய்துவிட வேண்டும்.

## எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் இயக்குவது இதற்கு ஈடாகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கும் கணினிகளில், அணைத்து இயக்கினாலும் விண்டோஸின் உட்பகுதி பழைய நிலையிலேயே மீண்டும் எழும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் டிரைவர்கள் அனைத்தும் புதிதாக ஏற்றப்படும். நான் பார்த்த ஒலிக் கோளாறுகளில் கணிசமானவை இந்த ஒரு படியிலேயே தீர்ந்திருக்கின்றன.

தீரவில்லையென்றால், கணினியில் சேமித்து வைத்திருக்கும் பாடல் ஒன்றை ஓடவிடுங்கள். 'செட்டிங்ஸ்' சென்று 'சிஸ்டம்', அதனுள் 'சவுண்ட்' என்பதைத் திறந்தால், விண்டோஸ் 11-இல் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்றும், விண்டோஸ் 10-இல் 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்' என்றும் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்ததும் தோன்றும் சிறிய சாளரத்தில், 'பிளேபேக்' பிரிவில் ஒவ்வொரு ஒலிக்கருவியின் பக்கத்திலும் ஒரு செங்குத்துப் பட்டை இருப்பதைக் காணலாம். பாடல் ஓடும்போது அந்தப் பட்டை பச்சையாக ஏறி இறங்குகிறதா, ஏறினால் எந்தக் கருவியின் பக்கத்தில் ஏறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டை அசைந்தால், விண்டோஸும் டிரைவரும் தம் வேலையைச் செய்கின்றன என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஒலி அதற்கு அப்பால்தான் எங்கோ தடைபடுகிறது. அசையவில்லையென்றால் தடை அதற்கு முன்னால் இருக்கிறது. அந்தச் சாளரத்தில் கருவியே இல்லையென்றால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.

## பச்சைப் பட்டை அசைகிறது, ஆனால் எதுவும் கேட்கவில்லை

முதலில் பட்டை எந்தப் பெயருக்கு எதிரே அசைகிறது என்று பாருங்கள். திரையின் தயாரிப்பாளர் பெயரோ, 'என்விடியா ஹை டெஃபினிஷன் ஆடியோ', 'இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ' போன்ற பெயரோ இருந்தால், ஒலி எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வடத்தின் வழியே திரைக்குப் போகிறது. எப்போதோ இணைத்த ப்ளூடூத் ஹெட்செட் அலமாரிக்குள் இயங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் போகலாம். 'ஸ்பீக்கர்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' கொடுத்தால் இந்த வகைக் கோளாறு உடனே தீர்ந்துவிடும். புதிய திரையோ தொலைக்காட்சியோ இணைத்த அன்று ஒலி போனதென்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெயர் சரியாக 'ஸ்பீக்கர்ஸ்' என்றே இருந்தால், அடுத்தது வெளியே கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். தனி ஸ்பீக்கர் என்றால் அதற்கு மின்சாரம் வருகிறதா, அதன் ஒலி அளவுக் குமிழ் குறைந்திருக்கிறதா, வடம் மேசைக் கணினியின் பின்புறம் பச்சை நிறத் துளையில்தான் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது, நீலத் துளை வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவது. இந்த இரண்டிலும் ஸ்பீக்கரைச் செருகினால் ஒன்றும் கேட்காது. பெட்டியின் முன்புறத் துளையில் மட்டும் ஒலி வராமல் பின்புறத்தில் வந்தால், அண்மையில் யாராவது பெட்டியைத் திறந்து தூசி தட்டினார்களா என்று கேளுங்கள். முன்புறத் துளையைக் கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டோடு இணைக்கும் சிறிய வடம் பெரும்பாலும் கழன்று கிடக்கும்.

மடிக்கணினியில் இதற்கு இணையான கோளாறு, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அது செருகப்பட்டிருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டிருப்பது. துளைக்குள் இருக்கும் சிறிய உலோகத் தகடு அழுந்தியபடியே நின்றுவிடுவதால் அல்லது தூசி அடைப்பதால் இது நேர்கிறது. கணினியை அணைத்துவிட்டு, ஹெட்போன் முனையைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாகச் செருகி எடுங்கள். ஊசியோ குச்சியோ விடக்கூடாது. தகடு வளைந்துவிட்டால் துளையையே மாற்ற வேண்டிவரும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஹெட்போனில் ஒலி நன்றாக வந்து, மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லையென்றால், பெரும்பாலும் ஸ்பீக்கரோ அதன் உள்வடமோதான் பழுது. இது பழுதுநீக்குபவரின் வேலை. ஹெட்போன், ஸ்பீக்கர் இரண்டிலுமே வராவிட்டால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் செருகியவுடன் வேலை செய்யும். அதில் ஒலி வந்துவிட்டால், மதர்போர்டைப் பிரித்துச் செலவு செய்வதைவிட அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பழைய மேசைக் கணினிகளுக்கு நான் பலமுறை இதையே செய்திருக்கிறேன்.

## பச்சைப் பட்டையும் அசையவில்லை, திரையின் கீழ்ப்பட்டையிலுள்ள ஒலிக்குறியில் சிவப்புக் குறியும் இல்லை

ஒரு செயலியில் மட்டும் ஒலி இல்லையா, எல்லாவற்றிலுமா என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால், 'செட்டிங்ஸ்' வழியே 'சவுண்ட்' சென்று 'வால்யூம் மிக்சர்' என்பதை (விண்டோஸ் 10-இல் 'ஆப் வால்யூம் அண்ட் டிவைஸ் பிரிஃபரன்சஸ்') திறந்தால், அந்தச் செயலியின் ஒலி தனியே அடைக்கப்பட்டிருப்பது தெரியும். அங்கேயே 'ரீசெட்' பட்டனும் உண்டு. உலாவியில் ஒரு தாவலை மட்டும் ஒலியில்லாமல் ஆக்கும் வசதி இருப்பதால், தாவலின் மேல் வலது க்ளிக் செய்து 'அன்மியூட்' என்ற சொல் தென்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாச் செயலிகளிலும் ஒலி இல்லையென்றால், அல்லது ஆடியோ சர்வீஸ் இயங்கவில்லை என்ற செய்தி வந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தட்டித் திறந்து, 'விண்டோஸ் ஆடியோ', 'விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். இரண்டும் 'ரன்னிங்' நிலையிலும், தொடக்க முறை 'ஆட்டோமேட்டிக்' என்றும் இருக்க வேண்டும். முதலாவது இரண்டாவதைச் சார்ந்து நிற்பதால், 'எண்ட்பாயின்ட் பில்டர்' என்பதில் வலது க்ளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் இரண்டும் புதிதாக எழும். கணினியின் வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்கள் 'தேவையற்ற சேவைகள்' என்று இவற்றை நிறுத்தி வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒன்று உங்கள் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இல்லையேல் நீங்கள் இயக்கிவிட்டதை அது மறுபடியும் நிறுத்தும்.

## ஒலிக்குறியில் சிவப்புக் குறி. ஒலிக்கருவி எதுவும் இல்லை என்ற செய்தி

டிரைவரைத் தொட வேண்டிய இடம் இதுதான். ஸ்டார்ட் பட்டனில் வலது க்ளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற பிரிவை விரியுங்கள். அங்கே உள்ள ஒலிக்கருவியின் மேல் வலது க்ளிக் செய்து 'பிராப்பர்ட்டிஸ்' பார்த்தால், 'டிவைஸ் ஸ்டேட்டஸ்' என்ற பெட்டியில் ஒரு கோடு எண் (பிழையைக் குறிக்கும் குறியீட்டு எண்) இருக்கும். அந்த எண்ணைப் பொறுத்து வழி பிரிகிறது.

கோடு 22 என்றால் கருவி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வலது க்ளிக் செய்து 'எனேபிள் டிவைஸ்' கொடுத்தால் போதும்.

கோடு 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவிய கணினிகளில் இது வழக்கமாக வரும். 'செட்டிங்ஸ்' சென்று 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற வரிசையில் (விண்டோஸ் 10-இல் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே உள்ள 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்') போனால், 'டிரைவர் அப்டேட்ஸ்' என்ற பகுதியில் தேவையான டிரைவர் பெரும்பாலும் காத்திருக்கும். அங்கே இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த வழியைக் கீழே தனியே சொல்கிறேன்.

கோடு 39 என்றால் டிரைவர் கோப்பு சிதைந்துவிட்டது அல்லது காணவில்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி இயங்கத் தொடங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான்: வலது க்ளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, அடுத்து வரும் சிறிய சாளரத்தில் டிரைவரையும் சேர்த்து நீக்குவதற்கான கட்டத்தில் குறியிட்டு, நீக்கிய பின் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். கோடு 10 அப்படியும் போகவில்லையென்றால், மடிக்கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மீண்டும் இயக்குங்கள். உள்ளே தங்கிய மின்சாரத்தால் உறைந்து நிற்கும் ஒலிச் சில்லு இதில் விடுபடுவதுண்டு.

கோடு 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. எங்கிருந்தோ இறக்கிய டிரைவர் கோப்பினாலேயே நான் இதைக் கண்டிருக்கிறேன். கையொப்பச் சோதனையை நிறுத்திவிடும்படி இணையத்தில் அறிவுரைகள் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள். அந்த டிரைவரை நீக்கிவிட்டுச் சரியானதை நிறுவுவதுதான் தீர்வு.

அண்மைக் காலத்து இன்டெல் மடிக்கணினிகளில் ஒரு கண்ணி உண்டு. ஒலிச் சில்லுகளைத் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்தின் டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் கருவி தோன்றாமலே இருக்கும். காரணம், ரியல்டெக் சில்லு 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி' என்ற இன்னொரு கருவியின் கீழே தொங்குகிறது. அது 'சிஸ்டம் டிவைசஸ்' என்ற வேறு பிரிவில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கே மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், முதலில் அதன் டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகே ரியல்டெக் பக்கம் வர வேண்டும்.

'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் 'அன்நோன் டிவைஸ்' அல்லது 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று மட்டும் இருந்தால், அது யாருடைய சில்லு என்று கண்டறிய முடியும். 'பிராப்பர்ட்டிஸ்' சென்று 'டீடெய்ல்ஸ்' பிரிவில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தோன்றும் நீண்ட வரியில் 'வென்' என்று ஒலிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து நான்கு குறிகள் இருக்கும். அவை 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10-ஐ அடுத்து ஈ, சி என்ற எழுத்துகள் வந்தால் ரியல்டெக், 10-ஐ அடுத்து டி, ஈ வந்தால் என்விடியா. டிரைவர் தேடும் மென்பொருள்கள் ஏதோ மாயம் போல் செய்து காட்டும் கண்டுபிடிப்பு இந்த ஒரு வரியைப் படிப்பதுதான்.

ஒலிக்கருவியின் சுவடே பட்டியலில் இல்லை என்றால், 'ஆக்‌ஷன்' மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' கொடுத்துப் பாருங்கள். அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கி வன்பொருளை அமைக்கும் அடிப்படை நிரல். கணினி தொடங்கும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே சென்றால், 'ஆன்போர்டு ஆடியோ' அல்லது 'எச்டி ஆடியோ கன்ட்ரோலர்' என்ற வரி 'டிஸேபிள்டு' என்று இருக்கக்கூடும். பயாஸில் கை வைப்பதற்கு முன், வட்டில் உள்ளவற்றைக் குறியாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியாக இருந்தால் அதன் மீட்புத் திறவுகோலை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு மாறியதும் கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்கலாம். அவை கையில் இல்லையென்றால் ஒலியைத் தேடப் போய்க் கோப்புகளை இழக்க நேரும்.

இதற்கு மேலும் ஐயம் நீடித்தால், லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் முறையில் கணினியைத் தொடங்குங்கள். அதில் ஒலி வந்துவிட்டால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். வராவிட்டால் அதை மட்டும் வைத்து வன்பொருள் பழுது என்று முடிவு கட்ட முடியாது, ஏனெனில் சில புதிய மடிக்கணினிகளின் ஒலிச் சில்லுகளுக்கு லினக்ஸில் இன்னும் சரியான ஆதரவு இல்லை. ஆனால் பயாஸில் ஒலி இயக்கப்பட்டிருந்து, விண்டோஸ், உபுண்டு இரண்டிலுமே ஒலிக்கருவியின் பெயர்கூடத் தென்படவில்லையென்றால், அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுநீக்குபவரிடம் கொண்டுபோங்கள்.

## நேற்று வரை வந்த ஒலி, புதுப்பிப்புக்குப் பிறகு போய்விட்டது

பயனர் எந்தத் தவறும் செய்யாமலே இது நேரும். 2018 அக்டோபரில் இன்டெல்லின் 9.21.00.3755 என்ற ஒலி டிரைவர் தவறுதலாக வெளியிடப்பட்டு விண்டோஸ் அப்டேட் வழியே பல விண்டோஸ் 10 கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒலி நின்றுபோன அந்தக் கணினிகளுக்கு, டிரைவரை நீக்கும் தனிப் புதுப்பிப்பு ஒன்றை மைக்ரோசாஃப்ட் அனுப்ப வேண்டியிருந்தது. 2021 இறுதியில் 'ஸ்மார்ட் சவுண்ட்' டிரைவரின் சில பதிப்புகள் விண்டோஸ் 11-இல் கணினி செயலிழந்து நிற்கும் நீலத் திரையை உண்டாக்கியதால், அவை உள்ள கணினிகளுக்கு விண்டோஸ் 11-ஐ வழங்குவதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. எனவே புதிய டிரைவர் என்றாலே நல்ல டிரைவர் என்று எண்ண வேண்டாம். ஒலி ஒழுங்காக வரும் கணினியில் ஒலி டிரைவரைப் புதுப்பிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். 'டிவைஸ் மேனேஜர்' சென்று ஒலிக்கருவியின் 'பிராப்பர்ட்டிஸ்', அதில் 'டிரைவர்' பிரிவு, அங்கே 'ரோல் பேக் டிரைவர்'. பட்டன் மங்கலாக இருந்தால் முந்தைய பதிப்பு சேமிப்பில் இல்லை என்று பொருள். அப்போது 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியிலேயே தேடும் வழியைத் தேர்ந்தெடுத்து, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வரியைத் தொட்டால், பெரும்பாலான கணினிகளில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவர் தெரியும். இது மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர். தயாரிப்பாளர் சேர்த்திருந்த ஒலி அலங்காரங்கள் போய்விடும், அடிப்படை ஒலி வந்துவிடும். நீக்கிய கெட்ட டிரைவர் மறுநாளே திரும்பி வந்தால், 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் புதுப்பிப்புகளை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்து, அதற்குள் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவிவிடுங்கள். விண்டோஸின் கோப்புகளே சிதைந்திருக்கின்றன என்று தோன்றினால், விண்டோஸ் 11-இல் 'சிஸ்டம்', 'ரிகவரி' பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் மூலம் மீண்டும் நிறுவும் 'ரீஇன்ஸ்டால் நவ்' பட்டன் உண்டு. அது உங்கள் கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும்.

## ஒலி வருகிறது, ஆனால் கரகரக்கிறது அல்லது விட்டு விட்டு வருகிறது

முதலில் ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் தெளிவாகவும் மடிக்கணினி ஸ்பீக்கரில் கரகரப்பாகவும் இருந்தால் ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்திருக்கலாம். டிரைவரை மாற்றிப் பயனில்லை. சார்ஜரைச் செருகும்போது மட்டும் தனி ஸ்பீக்கரில் இரைச்சல் எழுந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியவுடன் நின்றுவிட்டால், கோளாறு எர்த் சரியில்லாத மின்செருகியிலோ தரமற்ற சார்ஜரிலோ இருக்கிறது. இதற்கு அழைக்க வேண்டியவர் மின்பணியாளர்.

இரண்டிலுமே கரகரத்தால், 'பிளேபேக்' பிரிவில் கருவியைத் திறந்து, 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அனைத்தையும் நிறுத்தி, 'அட்வான்ஸ்டு' பிரிவில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். பிறகு 'ஏரோபிளேன் மோட்' இயக்கி, சேமித்த பாடலை ஓடவிடுங்கள். கரகரப்பு நின்றால் குற்றவாளி பெரும்பாலும் வைஃபை டிரைவர். ஒலி டிரைவரை விட்டுவிட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும்.

## பேசும்போது மட்டும் ஒலி கெட்டுப்போகிறது

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாடல் இனிமையாகவும், ஜூமிலோ கூகுள் மீட்டிலோ பேசத் தொடங்கியதும் பழைய தொலைபேசி போலவும் கேட்டால், அது பழுது அன்று. மைக்கும் சேர்ந்து இயங்கும்போது ப்ளூடூத் தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகிறது. மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஹெட்செட் கேட்பதற்கு மட்டும் பயன்பட்டுப் பழைய தரத்தில் ஒலிக்கும். அழைப்பு வந்ததும் மற்ற ஒலிகள் தாமே தணிந்துவிடுவதும் பழுது அன்று. 'கம்யூனிகேஷன்ஸ்' பிரிவில் 80% குறைக்கும்படி விண்டோஸ் முன்கூட்டியே அமைத்திருக்கிறது. 'டூ நத்திங்' என்று மாற்றிவிடலாம்.

நீங்கள் பேசுவது பிறருக்குக் கேட்கவில்லையென்றால், 'பிரைவசி' பக்கத்தில் 'மைக்ரோஃபோன்' சென்று, அதன் அடியில் டெஸ்க்டாப் செயலிகளுக்கான தனி அனுமதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள அனுமதிகளைக் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் மிகுதி. பல மடிக்கணினிகளில் மைக்கை அடைக்கும் விசை ஒன்றும், அதில் சிறு விளக்கும் உண்டு. விளக்கு எரிந்தால் மைக் அடைபட்டிருக்கிறது.

## "பிழைகள் கண்டறியப்பட்டன, பணம் செலுத்துங்கள்" என்ற திரை வந்தால்

இந்த மென்பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒலிக் கோளாறு தானாக யாருடைய பணத்தையும் எடுத்துக்கொள்வதில்லை; இவைதான் எடுத்துக்கொள்கின்றன. இலவசமாகச் சோதிப்பதாக உள்ளே வந்து, சிவப்பு எழுத்தில் ஒரு பட்டியலைக் காட்டி, நீக்குவதற்குப் பணம் கேட்பது இவற்றின் வழக்கம். அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகள், உலாவிக் குக்கீகள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பயனற்றுக் கிடக்கும் வரிகள், ஒரு பதிப்பு பழையதாக இருந்தாலும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவர்கள். ஒலிக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அலுவலகப் பொருள்களை விற்கும் ஆஃபிஸ் டிப்போ நிறுவனத்தின் கடைகளில் பயன்படுத்தப்பட்ட ஒரு சோதனை நிரல், தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் கேட்ட நான்கு கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறியிட்டாலே தீய மென்பொருளின் அறிகுறி இருப்பதாக அறிவித்தது என்று ஆணையம் குற்றம்சாட்டியது. 2019 மார்ச்சில் அந்த நிறுவனம் 2.5 கோடி டாலரும், நிரலை வழங்கிய சப்போர்ட்.காம் ஒரு கோடி டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. 2024 மார்ச்சில், விண்டோஸின் எச்சரிக்கை போலத் தோன்றும் விளம்பரங்களால் மக்களைப் பயமுறுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட ரெஸ்டோரோ, ரீஇமேஜ் ஆகிய சைப்ரஸ் நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் செலுத்த உடன்பட்டன. மைக்ரோசாஃப்ட், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று அறிவித்திருப்பதோடு, பயமுறுத்திப் பணம் பறிக்கும் இத்தகைய நிரல்களைத் தேவையற்றவை என்று வகைப்படுத்தி நீக்கும் நடைமுறையை 2018 மார்ச் 1 முதல் விண்டோஸோடு வரும் தன் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரில் கொண்டுவந்தது.

ஒலி டிரைவருக்கு விலை கிடையாது. உங்கள் கணினிக்கு உரியது, கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் இலவசமாக இருக்கிறது. மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலிருந்து மாதிரி எண்ணை எடுங்கள். டெல் என்றால் ஏழு எழுத்து 'சர்வீஸ் டேக்' போதும். சீட்டு அழிந்திருந்தால், ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறந்தால் 'சிஸ்டம் மாடல்' என்ற வரி இருக்கும். உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய மேசைக் கணினிக்கு 'பேஸ்போர்டு பிராடக்ட்' என்ற வரியைப் பார்த்து, மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்துக்குப் போக வேண்டும். ரியல்டெக் சில்லாக இருந்தாலும் ரியல்டெக்கின் பொது டிரைவரைவிடக் கணினி தயாரிப்பாளர் தருவதே பொருத்தமானது, ஏனெனில் ஸ்பீக்கர், ஹெட்போன் துளை ஆகியவற்றின் அமைப்பு அந்தக் கணினிக்கென்றே அதில் எழுதப்பட்டிருக்கும். தளத்தின் முகவரியைத் தேடல் முடிவுகளின் மேலே வரும் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், நிறுவனத்தின் பெயரை நீங்களே தட்டி உள்ளே போங்கள். இறக்கிய கோப்பை ஒரு பென்டிரைவில் வைத்திருந்தால், விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் மீண்டும் தேட வேண்டியதில்லை.

ஏற்கெனவே பணம் செலுத்திவிட்டவர்கள், முதலில் அந்த மென்பொருளை நீக்கி, டிஃபெண்டரில் முழுச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள். இவற்றில் பல ஆண்டுச் சந்தாவாகத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், உங்கள் வங்கியிலோ பணம் செலுத்தும் செயலியிலோ 'ஆட்டோபே' அனுமதி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து அதை ரத்து செய்ய வேண்டும். தொலைபேசியில் பேசி உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க யாரையாவது அனுமதித்திருந்தால், அந்தக் கணினியைத் தவிர்த்து வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஏமாற்றிப் பணம் எடுக்கப்பட்டிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்; எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

## பழுதுநீக்குபவரிடம் போகும்போது

நீர் அல்லது காபி சிந்திய பிறகு ஒலி போனதென்றால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். கணினியை அணைத்து, இயக்காமலே எடுத்துப்போங்கள். ஸ்பீக்கர் மாற்றுதல், ஹெட்போன் துளை மாற்றுதல், மதர்போர்டில் ஒலிச் சில்லைப் பார்த்தல் ஆகிய மூன்றும் வீட்டில் செய்யக்கூடிய வேலைகள் அல்ல. உத்தரவாதக் காலம் முடியாத கணினியை வெளியாள் யாரிடமும் திறக்கக் கொடுக்க வேண்டாம்.

கடையில் "ஒலி வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், பச்சைப் பட்டை அசைந்ததா, கோடு எண் என்ன, ஹெட்போனில் வந்ததா, உபுண்டுவில் வந்ததா என்ற நான்கையும் தாளில் எழுதிக் கொடுங்கள். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும் என்று உடனே சொன்னால், உங்கள் கோப்புகளை வேறிடத்தில் சேமித்துவிட்டீர்களா என்று உறுதிசெய்யும் வரை சம்மதிக்காதீர்கள். உபுண்டுவிலும் கருவி தெரியாத கணினிக்கு அது பயன்படாது என்பதையும் அவரிடம் மரியாதையோடு சொல்லலாம். அந்தத் தாளைப் படித்துப் பார்க்கும் நல்ல பழுதுநீக்குபவர் அதை ஏற்றுக்கொள்வார். மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னால், யூஎஸ்பி சவுண்ட் கார்டை வைத்தே சமாளிக்க முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.